ஆற்று வளைவின் வேலைத்துணிப் போர்வை

வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் ஏழரை அடி நீளமும் ஆறடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட பழைய போர்வை ஒன்று இருக்கிறது. பருத்தித் துணி, கார்டுராய், சாக்குத் துணி ஆகியவற்றின் துண்டுகளை ஒட்டித் தைத்தது. 1942-ல் இதைத் தைத்தவர் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த மிசூரி பெட்வே. கணவர் நத்தானியேல் பல மாதங்கள் நோயில் கிடந்து இறந்த பிறகு, வயலில் அவர் உடுத்திய கால்சட்டைகளையும் சட்டைகளையும் மூத்த மகள் ஒருத்தியை உடன் வைத்துக்கொண்டு கிழித்து, இந்தப் போர்வையை உருவாக்கினார். அந்த மகள் ஆர்லோன்சியாவுக்கு அப்போது பதினேழு, பதினெட்டு வயது. கணவரின் நினைவாக இருக்கவும், அவரது அன்பைப் போர்த்திக்கொண்டு படுக்கவும் தாய் அதைத் தைத்தார் என்று ஆர்லோன்சியா பெட்வே முதுமையில் நினைவுகூர்ந்தார்.

ஒரு விவசாயியின் உழைப்பு எந்தெந்த இடத்தில் துணியைத் தேய்த்தது என்பதை இவ்வகைப் போர்வைகளில் கண்ணால் காணலாம். பல ஆண்டு வெயிலிலும் சோப்பிலும் வெளுத்த நீலத் துணியின் நடுவே, சில இடங்களில் மட்டும் அடர்ந்த நீலம் சதுரமாகத் தெரியும். அங்கே முன்பு சட்டைப்பை இருந்தது. பையைப் பிரித்தெடுத்ததும் அதன் அடியில் வெயில் படாமல் இருந்த பழைய நிறம் வெளிப்பட்டது. முழங்கால் பகுதியில் போட்ட ஒட்டுகளும், துவைத்தும் போகாத கறைகளும் அப்படியே இருக்கின்றன. ஜீஸ் பெண்ட் போர்வைகளைப் புரிந்துகொள்ள ஓவிய வரலாற்றைவிடப் பருத்தி விவசாயத்தின் வரலாறே முதலில் தேவை. அது நடந்த இடத்துக்குச் செல்லும் வழியும் அந்த வரலாற்றின் ஒரு பகுதிதான்.

ஜீஸ் பெண்ட், செல்மா நகருக்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், வில்காக்ஸ் கவுண்டியில் இருக்கிறது. அலபாமா ஆறு இங்கே பெரிய கொண்டை ஊசிபோல் வளைந்து ஓடுகிறது. வளைவுக்குள் அகப்பட்ட நிலத்தின் மூன்று பக்கமும் தண்ணீர். ஊரின் பெயரில் உள்ள ‘பெண்ட்’ இந்த வளைவைக் குறிப்பது. ‘ஜீ’ என்பது முதல் பண்ணை முதலாளியின் குடும்பப் பெயர். அரசு ஏடுகளில் 1949 முதல் ஊரின் பெயர் பாய்கின். ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. இன்றும் அவர்களுக்கு இது ‘பெண்ட்’தான்.

வெளியிலிருந்து வருபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. வடமேற்கில் ஆல்பர்ட்டா என்ற இடத்தில் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் கிளைச்சாலையில் வரலாம்; அந்தச் சாலை ஊருக்குள் வந்து ஆற்றோரத்தில் முடிந்துவிடுகிறது. அல்லது கவுண்டியின் தலைநகரான கேம்டனிலிருந்து படகில் ஆற்றைக் கடக்கலாம். கார்களையும் ஏற்றிச் செல்லும் அந்தத் தட்டைப் படகு கால் மணி நேரத்தில் அக்கரை சேர்க்கிறது. டீசலில் ஓடியதை 2019-ல் மின்கலத்தில் ஓடும்படி மாற்றியிருக்கிறார்கள். படகு இல்லாத நாளில் கேம்டனுக்கும் ஜீஸ் பெண்டுக்கும் இடையே சாலையில் 60 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். முதல் முறை வருகிறவர் படகையே தேர்ந்தெடுப்பது நல்லது. அக்கரையிலிருந்து பார்த்தால் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நீதிமன்றமும் கடைகளும் மருத்துவரும் இருக்க, அவற்றை அடைய ஒரு நாள் பாடுபட வேண்டியிருந்த மக்களின் நிலைமை அந்தக் கால் மணி நேரத்தில் ஓரளவு புரியும்.

பருத்திக்காகவே உண்டான ஊர் இது. வட கரோலினாவைச் சேர்ந்த ஜோசப் ஜீ என்பவர் 1816-ல் இங்கே நிலம் பிடித்து, அடிமைகளைக் கொண்டு பண்ணை தொடங்கினார். 1845-ல் கடன் தீர்ப்பதற்காக அந்தப் பண்ணை உறவினரான மார்க் பெட்வேயின் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டு அவர் வட கரோலினாவிலிருந்து தம் குடும்பத்தோடு புறப்பட்டபோது, அவருடைய அடிமைகள் சுமார் நூறு பேர் பல நூறு மைல் நடந்தே வந்தார்கள். முதலாளியின் பெயரே அடிமைகளுக்கும் குடும்பப் பெயராயிற்று. இன்று ஊரில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் பெட்வே. உறவு இல்லாதவர்களும் பெட்வே என்பதால், போர்வைகளின் பட்டியலில் ஒரே குடும்பப் பெயர் வரிசையாக வருவதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தபோது, அடிமைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோர் ஊரை விட்டுப் போகவில்லை. போவதற்கு நிலமோ பணமோ இல்லை. அதே வயலில் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழைத்தார்கள். பின்னாளில் பண்ணை வெளியூர் வழக்கறிஞர் குடும்பத்தின் உடைமையாயிற்று. முதலாளி ஊரில் இல்லை, வெள்ளையர் யாரும் பக்கத்தில் குடியில்லை. மேற்பார்வைக்காரர் மட்டும் வந்து போவார். தனித்துக் கிடந்த இந்த நிலைதான் பழைய பாட்டும் பேச்சும் போர்வைத் தையலும் தலைமுறை தலைமுறையாகக் கலையாமல் நிற்கக் காரணமாயிற்று. 1941-ல் ராபர்ட் சான்கின் என்ற ஆய்வாளர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக இந்த ஊர் மக்களின் பாட்டுகளையும் பேச்சையும் ஒலிப்பதிவு செய்தார். அடுத்த ஆண்டுதான் மிசூரி பெட்வே தம் போர்வையைத் தைத்தார்.

பருத்தி விவசாயத்தின் ஆண்டு கோவேறு கழுதையோடு தொடங்கும். குளிர் தணிந்ததும் உழவு. ஏப்ரல் வாக்கில் விதைப்பு. முளைத்த பயிர் நெருங்கி நிற்கும் என்பதால் மே, ஜூன் மாதங்களில் வீட்டில் உள்ள எல்லோரும் களைக்கொத்தோடு வயலில் இறங்கிப் பயிரைக் கலைத்துக் களையெடுப்பார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளும் இந்த வேலைக்கு உண்டு. ஜூலையில் பயிர் தன்னால் வளரும். அந்தச் சில வாரம் மட்டுமே ஓய்வு. ஆகஸ்டு கடைசியில் காய் வெடிக்கத் தொடங்கினால் நவம்பர் வரை எடுப்பு. தோளில் மாட்டிய நீளமான சாக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு, குனிந்தும் முழங்காலிட்டும் செடி செடியாக நகர வேண்டும். கொட்டை நீக்கிய பஞ்சு ஒரு பொதி 500 பவுண்டு. அதற்குக் கொட்டையோடு 1,500 பவுண்டு வரை பருத்தி எடுத்தாக வேண்டும். கால்சட்டையின் முழங்கால் ஏன் முதலில் தேய்கிறது, பின்பக்கத் துணி ஏன் போர்வைக்கு மிஞ்சுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பருத்தி விற்றுத்தான் கையில் காசு வரும். வயிற்றுக்கு மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நிலக்கடலையும் பட்டாணியும் தங்கள் கொல்லையிலேயே விளைந்தன. சோளத்தண்டுச் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுத்தார்கள். குளிர்காலத்தில் பன்றி அறுத்து உப்பிட்டுப் புகையூட்டி வைத்தார்கள். விதை, உரம், துணி, மாவு எல்லாம் கேம்டன் வியாபாரியிடம் பற்று. அறுவடை முடிந்து பருத்தி அவரிடம் போய்ச் சேர்ந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். அந்தக் கணக்குப் புத்தகம் வியாபாரியிடமே இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத குத்தகைக்காரர் அதில் எழுதியதை ஏற்க வேண்டியதுதான். பெரும்பாலான ஆண்டுகளில் பற்று தீராமல் அடுத்த ஆண்டுக்குப் போனது.

முதல் உலகப் போர் முடிந்த சமயம் பவுண்டுக்கு 35 சென்டுக்கு மேல் விற்ற பருத்தி, 1930-களின் தொடக்கத்தில் ஐந்தாறு சென்டுக்கு இறங்கியது. கேம்டனில் ஜீஸ் பெண்ட் மக்களுக்குப் பற்று கொடுத்துவந்த வியாபாரி ஒருவர் அந்த ஆண்டுகளில் இறந்துபோனார். அவர் மனைவி 1932-ன் இலையுதிர் காலத்தில் நிலுவையை வசூலிக்க ஆட்களை அனுப்பினார். கலப்பை, வண்டி, கோவேறு கழுதை, மாடு, பன்றி, கோழி, குதிரில் இருந்த மக்காச்சோளம், குழியில் சேமித்த கிழங்கு என அகப்பட்டதையெல்லாம் ஏற்றிச் சென்றார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றும் இல்லாமல் குளிர்காலத்தை எதிர்கொண்டன. வேட்டையாடியும் காட்டுப்பழம் பொறுக்கியும், செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மாவிலும் உயிர் பிழைத்தார்கள். இருந்த மாவுச் சாக்கும் உரச்சாக்கும் கிழிந்த துணியும் மட்டுமே அந்தக் குளிருக்குத் தடுப்பு. வீடு என்பது மரக்கட்டைகளை அடுக்கி, இடைவெளியில் களிமண் பூசியது. பூச்சு உதிர்ந்த இடமெல்லாம் காற்று புகும். சுவரில் செய்தித்தாளும் பத்திரிகைப் பக்கங்களும் கூழ் போட்டு ஒட்டியிருப்பார்கள். போர்வை உடம்பின் மேல் மட்டும் கிடக்கவில்லை. படுக்கைக்கு அடியில் மெத்தையாயிற்று, கண்ணாடி இல்லாத சன்னலுக்குத் திரையாயிற்று, சுவரிடுக்குக்கு அடைப்பாயிற்று. கடைசியாக நைந்து போனதைக் கொசு விரட்டப் புகை போட எரித்தார்கள். பழைய போர்வைகள் குறைவாகவே எஞ்சியிருப்பதற்கு இதுதான் காரணம். மிசூரி பெட்வேயின் போர்வை பிழைத்தது, அது யாருடைய துணி என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருந்ததால் இருக்கலாம்.

அரசின் கண்ணில் ஊர் பட்டது இதற்குப் பிறகுதான். 1937-ல் மறுகுடியேற்ற நிர்வாகம் ஆர்தர் ராத்ஸ்டீன் என்ற புகைப்படக்காரரை அனுப்பியது. அவர் எடுத்த படங்களில் களிமண் வீடுகளும், கலப்பை பிடித்தவர்களும், செய்தித்தாள் ஒட்டிய சுவரும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஜோரினா பெட்வே என்பவர் சிறுமிகளோடு போர்வை தைக்கும் காட்சி. ஜீஸ் பெண்ட் தையலுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சிகளில் அந்தப் படம் முக்கியமானது. பின்பு அரசு பண்ணை நிலம் சுமார் 10,000 ஏக்கரையும் வாங்கியது. புதிய பலகை வீடுகளையும் பள்ளியையும் மருத்துவ நிலையத்தையும் கூட்டுறவுக் கடையையும் பருத்தி அரவை ஆலையையும் கட்டியது. அந்த வீடுகளை மக்கள் அப்போதைய அதிபரின் பெயரால் ‘ரூஸ்வெல்ட் வீடு’ என்றே அழைத்தார்கள். 1940-களில் குறைந்த வட்டிக் கடனில் நிலத்தைக் குடும்பங்களுக்கே விற்றார்கள். அடிமைகளின் பேரப்பிள்ளைகள், தங்கள் தாத்தாமார் உழுத அதே மண்ணுக்குப் பத்திரம் பெற்றார்கள். தென் மாநிலங்களில் கறுப்பின விவசாயிகளுக்கு இது அபூர்வமாகக் கிடைத்த வாய்ப்பு. அதன் முழு மதிப்பு இருபது ஆண்டு கழித்து வெளிப்பட்டது.

ஒரு போர்வையில் மூன்று அடுக்குகள் உண்டு. துண்டுகளை ஒட்டித் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் சாக்கு அல்லது முரட்டுத் துணி. இந்த மூன்றையும் ஊடுருவிச் செல்லும் நூலோட்டத்துக்கே ஆங்கிலத்தில் ‘குயில்டிங்’ என்று பெயர். ஜீஸ் பெண்டில் மூன்றும் வயலிலிருந்தே வந்தன.

நடுப் பஞ்சிலிருந்து தொடங்குவது சரி. நல்ல பஞ்சு முழுவதும் வியாபாரிக்குப் போய்விடும். எடுப்பு முடிந்த வயலில் செடியில் ஒட்டிக்கிடந்த கழிவுப் பஞ்சும், அரவை ஆலைத் தரையில் கூட்டியெடுத்ததும்தான் பெண்களுக்குக் கிடைத்தன. இலைத்தூளும் மண்ணும் கலந்த அந்தப் பஞ்சைத் தரையில் பரப்பிக் கோலால் கொட்டினார்கள். கொட்டக் கொட்டத் தூசி கீழே இறங்கும், பஞ்சு மேலே பொங்கும். பழைய போர்வைகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே கறுப்புப் புள்ளிகளாக விதைத்தூள் தெரிவதும் உண்டு. அடித்துணிக்கு மாவு, சர்க்கரை, உரம் வந்த சாக்குகளைப் பிரித்துக் கொதிக்கவைத்து, அச்சிட்ட எழுத்து மங்கும்வரை துவைத்தார்கள். சாக்கு தைத்திருந்த நூலையும் வீணாக்கவில்லை. அதை உருவிச் சுற்றி வைத்துக்கொண்டு அதிலேயே போர்வை தைத்தார்கள்.

மேல்துணிக்குக் கடையில் துணி வாங்குவது என்ற பேச்சே இல்லை. கிழிந்த ஓவரால், வேலைச் சட்டை, பாவாடை, மேலங்கி, சாக்கு எல்லாம் மூட்டையில் சேரும். துணியைப் பெரும்பாலும் கத்தரிக்காமல் கையால் கிழித்தார்கள். கிழித்த ஓரம் நேராக வராது; கால்சட்டைக் காலின் ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் இருக்கும். அதைச் சதுரமாக்க வெட்டினால் துணி வீணாகும். ஆகவே குறுகிய முனைக்குப் பக்கத்தில் அடுத்த காலின் அகன்ற முனையை வைத்து இணைத்தார்கள். லுடீஷா பெட்வே 1950 வாக்கில் தைத்த டெனிம் போர்வையில் இந்த உத்தி தெளிவாகத் தெரிகிறது: நீண்ட நீலப் பட்டைகள் ஒன்றுக்கொன்று சாய்ந்து, ஆற்று நீர்போல மெல்ல வளைந்து செல்கின்றன. துணியை வீணாக்கக் கூடாது என்ற கணக்கில் பிறந்த வளைவு அது. அதில் அழகு இருக்கிறது என்பதையும் லுடீஷா பெட்வே அறிந்தே செய்தார். இல்லாவிட்டால் பட்டைகளின் நிறத்தை இவ்வளவு கவனமாக மாற்றி மாற்றி வைத்திருக்க மாட்டார்.

மேல்துணியை ஒட்டுவது ஒருத்தியின் தனி வேலை. இரவில், அடுப்பு வெளிச்சத்தில், பிள்ளைகள் தூங்கிய பிறகு. என்ன வடிவம் என்பது அவள் முடிவு. அதில் வேறு யாரும் தலையிடுவதில்லை. ஆனால் மூன்று அடுக்கையும் சேர்த்து நூலோட்டுவது கூட்டு வேலை. கூரையிலிருந்து தொங்கவிட்ட மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டி, நான்கு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள். அறுவடைக்குப் பிறகும் குளிர்காலத்திலும் வீடு வீடாக இந்தச் சட்டம் கட்டப்படும். ஒரு வீட்டில் முடிந்ததும் அடுத்த வீடு. தைத்துக்கொண்டே பாடுவதும் செபிப்பதும் உண்டு. பெரியவர்களின் காலடியில் சட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து, மேலிருந்து இறங்கும் ஊசியைப் பார்த்தபடியே தையல் கற்றவர்கள் பலர்.

வடிவங்களுக்குப் பெயர்கள் உண்டு. நடுவில் ஒரு சதுரத்தை வைத்து அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளை அடுக்குவது ‘கூரை’. நீளப் பட்டைகளை மட்டும் இணைப்பது ‘சோம்பேறிப் பெண்’. படிப்படியாகக் குவிவது ‘செங்கல் அடுக்குபவர்’. இவற்றையும் தாண்டி ‘என் வழி’ என்று பெண்கள் சொல்வதுண்டு: தெரிந்த வடிவத்தில் தொடங்கி, துணி எங்கே இழுக்கிறதோ அங்கே போவது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. ஒரு பக்கத்தில் சிவப்புத் துணி தீர்ந்துவிட்டால் மறுபக்கம் மஞ்சள். சுவரில் செய்தித்தாள் பக்கங்களைப் பட்டை பட்டையாக ஒட்டிய வீட்டில் வளர்ந்த கண்ணுக்கு அந்த ஏற்றத்தாழ்வு இயல்பானது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆனால் பக்கத்து வீட்டுச் சட்டத்தில் அன்றாடம் பார்த்த போர்வைகளே இதைவிடப் பெரிய பாடமாக இருந்திருக்கும்.

1960-களில் ஊர் மீண்டும் ஒரு சோதனையைச் சந்தித்தது. வில்காக்ஸ் கவுண்டியில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. ஆனால் 1965-ன் தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளராகப் பதிவு பெற்றிருக்கவில்லை. பெயர் பதிவு செய்ய ஜீஸ் பெண்ட் மக்கள் படகேறிக் கேம்டன் நீதிமன்றத்துக்குப் போகத் தொடங்கியபோது, 1962-ல் படகை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய படகு திரும்ப ஓட 2006 வரை, நாற்பத்து நான்கு ஆண்டுகள், ஆயின. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் மழை இரவில் இந்த ஊருக்கு வந்து, பிளசண்ட் குரோவ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் மக்களிடம் பேசினார். கவுண்டியின் மற்ற இடங்களில் பதிவு செய்யத் துணிந்த குத்தகைக்காரர்களை முதலாளிகள் வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். ஜீஸ் பெண்ட் மக்களை அப்படி வெளியேற்ற முடியவில்லை. மண் அவர்களுடையதாக இருந்தது. ஆனால் அதே பத்தாண்டில் ஆற்றின் கீழ்ப்புறம் மில்லர்ஸ் ஃபெரியில் அணை கட்டியதால் தேங்கிய நீர், வளைவின் வளமான வயல்களில் ஆயிரக்கணக்கான ஏக்கரை மூழ்கடித்தது. பருத்தி விவசாயத்துக்கு அத்தோடு ஏறக்குறைய முடிவு வந்தது. இன்று படகுத் துறையில் நிற்பவர் காணும் அகன்ற, அமைதியான நீர்ப்பரப்பின் ஒரு பகுதி அன்றைய பருத்தி வயல்.

வயல் போன இடத்தில் ஊசி வந்தது. பிரான்சிஸ் எக்ஸ். வால்டர் என்ற பாதிரியார் 1965-ன் இறுதியில் இந்தப் பக்கம் வந்தபோது, கொடியில் காயும் போர்வைகளைக் கண்டார். ஒன்றுக்குப் பத்து டாலர் வீதம் வாங்கி நியூயார்க்கில் ஏலம் விட்டார். 1966-ல் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்ற கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. குடிமை உரிமைப் போராட்டத்தில் வேலை இழந்த பெண்களுக்கு அது கூலி கொடுத்தது. 1972-ல் சியர்ஸ் நிறுவனம் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தத்தைக் கொடுத்தபோது, கட்டுக்கட்டாகக் கார்டுராய் துணி வந்தது. உறைக்கு வெட்டியது போக மிஞ்சிய பொன்மஞ்சள், பாசிப்பச்சை, செம்பழுப்புத் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. 1970-களின் ஜீஸ் பெண்ட் போர்வைகளில் இந்தக் கார்டுராய் ஒளி வீசுவதைக் கொண்டே அவற்றின் காலத்தை அடையாளம் காணலாம். கூலிக்குத் தைத்ததில் ஒழுங்கான வடிவமும் சீரான தையலும் கட்டாயம். தங்கள் வீட்டுக்குத் தைத்ததில்தான் பழைய சுதந்திரம் தங்கியிருந்தது.

வேலைத்துணிப் போர்வையும் நிற்கவில்லை. ஆனி மே யங் 1976-ல் ஒன்று தைத்தார். நடுவில் சிவப்பும் மஞ்சளுமான கார்டுராய் பட்டைகள். சுற்றிலும் வெளுத்த டெனிம் கால்கள், பை பிரித்த தழும்புகளோடு. விறகுக் குவியலின் மேல் கிடந்த அவருடைய போர்வை ஒன்றின் புகைப்படத்தைப் புத்தகத்தில் பார்த்த வில்லியம் ஆர்னெட் என்ற கலைச் சேகரிப்பாளர் 1990-களின் இறுதியில் தேடி வந்தார். ஊரெங்கும் நூற்றுக்கணக்கான போர்வைகளை வாங்கினார். 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை சுவரில் தொங்கின. மத்தீசும் பவுல் கிளேயும் வரைந்த ஓவியங்களோடு விமர்சகர்கள் அவற்றை ஒப்பிட்டார்கள். 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துப் போர்வைகளின் படங்களை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. அவற்றில் ஒன்று ஆர்லோன்சியா பெட்வே தைத்தது. தாயின் கையோடு கை வைத்துத் துணி கிழித்த அந்த மகள், அஞ்சல்தலை வெளிவந்து இரண்டு ஆண்டு கழித்து, 2008-ல் காலமானார்.

ஓவியர்களோடு ஒப்பிட்ட பாராட்டு நியாயமானதுதான். எழுபது, எண்பது வயதில் அந்தப் பெண்கள் பெரிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் தங்கள் போர்வைகளின் முன் நின்று பாடியது அதனால்தான் முடிந்தது. ஆனால் அந்த ஒப்பீடு வயலை மறைத்துவிட்டது. அருங்காட்சியகச் சுவரில் தட்டையாகத் தொங்கும்போது, உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சும் பின்னால் இருக்கும் உரச்சாக்கும் யார் கண்ணிலும் படுவதில்லை. புகழ் வந்த வேகத்தில் பணம் தைத்தவர் கைக்கு வந்து சேரவில்லை என்ற மனக்குறையும் எழுந்தது. உரிமை குறித்துச் சிலர் வழக்குத் தொடுத்து, 2008-ல் சமரசம் ஆயிற்று. தையற்காரர்கள் 2003-ல் தங்களுக்கென ‘ஜீஸ் பெண்ட் குயில்டர்ஸ் கலெக்டிவ்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். விற்பனை அவர்கள் கையிலேயே நடக்கத் தொடங்கியது. 2015-ல் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே ஆகிய மூவருக்கும் அமெரிக்காவின் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தது. மிசூரி பெட்வேயின் போர்வை 2020-ல் தேசியக் கலைக்கூடத்துக்கு வந்தது.

இன்று ஊருக்குள் நுழைந்தால் சாலையோரத்தில் பெரிய பலகைகளில் வரைந்த போர்வைப் படங்கள் வரவேற்கின்றன. அஞ்சல்தலையில் வந்தவையே அவை. ரூஸ்வெல்ட் வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. பழைய பருத்தி வயல்களில் இப்போது புல்லும் பைன் மரங்களும். கூட்டமைப்பின் கட்டடத்தில் மரச்சட்டமும், மடித்து அடுக்கிய போர்வைகளும், ஒவ்வொன்றிலும் தைத்தவரின் பெயரும் இருக்கும். பழைய வேலைத்துணி குறைந்துவிட்டது. இன்றைய பெண்கள் கடைத்துணியையும் பழைய ஜீன்ஸையும் கலந்து தைக்கிறார்கள். வடிவத்தில் மட்டும் பாட்டியின் வழி தெரிகிறது: பட்டைகள் நேராகத் தொடங்கி நடுவில் சாய்கின்றன, ஓரத்தில் ஒரு நிறம் திடீரென்று முறிந்து வேறொன்று ஏறுகிறது.

பார்க்க விரும்புகிறவர் அக்டோபரில் போவது நல்லது. ஆண்டுதோறும் பழைய போர்வைகளை வெளியே எடுத்து வெயில் காட்டுவது இந்த ஊரின் பழக்கம். 2022 முதல் அதையே ஒரு நாள் விழாவாக நடத்துகிறார்கள். அன்று கொடிகளிலும் வேலிகளிலும் திண்ணைக் கைப்பிடிகளிலும் பல தலைமுறைப் போர்வைகள் காற்றில் அசையும். படகு ஓடுகிறதா என்று கேம்டனிலேயே கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். போர்வை வாங்குவதென்றால் தைத்தவரிடமே வாங்குங்கள். அதன் துணி யார் உடுத்தியது என்றும் கேளுங்கள்.